பதினைந்து டிகிரி சாய்வு

முப்பத்தோரு வருடம்
தண்ணீரை வெளியே நிறுத்திவைத்துச்
சம்பளம் வாங்கியவன் நான்.
பெர்கன் ஊரில் கூரைக்காரனுக்கு ஓய்வே கிடையாது.
செப்டம்பரில் ஏணியிலிருந்து விழுந்தேன்,
உச்சியிலிருந்து அல்ல,
மூன்றாம் படியிலிருந்து.
வெளியே சொல்லாதீர்கள்.

கட்டுப்போட்ட காலோடு சுவரை முறைத்துக் கிடந்தவனை
தங்கை போர்கில்ட்
லக்ஸேவோக் நூலகத்து மாடியில்
செவ்வாய்தோறும் நடக்கும் நீர்வண்ண வகுப்பில் சேர்த்துவிட்டாள்.
பணம் கட்டிய பிறகுதான் என்னிடம் சொன்னாள்.

சொல்லித்தருபவள் சிலியே.
பகலில் பல் மருத்துவமனையில்
வாய்க்குள் உறிஞ்சுகுழாய் பிடிப்பவள்.
"இங்கே எதையும் உறிஞ்ச வேண்டாம்,
ஓடவிடுவோம்" என்றாள்.
எனக்கு வயிற்றைக் கலக்கியது.

தாளின் நான்கு ஓரமும் டேப் ஒட்டச் சொன்னாள்.
அது எனக்குத் தெரியும்.
ஒரு சுருக்கம் விழவில்லை.
பக்கத்து மேசைப் பேருந்து ஓட்டுநர் இங்வே
தன் தாளையும் என் பக்கம் தள்ளினார்.

பலகையைச் சற்றுச் சாய்த்து வை என்றாள்.
எவ்வளவு?
"சும்மா, அடியில் ஒரு புத்தகம் போதும்."
சமையல் புத்தகமா, அகராதியா?
சிரித்தாள். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.
பதினைந்து டிகிரி வைத்தேன்.
ஸ்லேட் ஓட்டுக்கு அது போதாது,
நீலத்துக்குப் போதும்.
தூரிகை இடமிருந்து வலம் போனது.
கீழ்விளிம்பில் ஈரம் மணிகோத்துத் தொங்கியது,
அடுத்த கோடு அதைத் தொட்டு வாங்கிக்கொண்டது,
ஓட்டுக்கு ஓடு மழை இறங்குவதுபோல.
கடைசிச் சொட்டைத் தூரிகை நுனியால் உறிஞ்சி எடு என்றாள்,
உறிஞ்ச வேண்டாம் என்றவள்.
ஒரு வானம். ஒரே சீராக. என் கையால்.

அதோடு நின்றிருக்கலாம்.
ஒரு மூலை கொஞ்சம் வெளுத்துத் தெரிந்தது.
ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை.
ஒரே ஒரு சொட்டு வைத்தேன்.
அது வானத்தைத் தள்ளிக்கொண்டு
காலிஃபிளவராய் விரிந்தது.
ஒழுகலைக் கண்டவன் சும்மா இருப்பானா?
அடைக்கப் போனேன்.
துணியால் ஒற்றினேன்; தாள் திரிதிரியாய் உரிந்தது.
தூரிகையைக் காப்பிக் கோப்பையில் கழுவியிருக்கிறேன்,
குடித்த பிறகு தெரிந்தது.

மூன்று வாரம் இப்படியே.
நீலமும் செம்மண் பழுப்பும் கலந்தால்
எங்கள் ஊர் நவம்பர் வரும் என்று கற்றேன்.
வெள்ளை கேட்டேன். பெட்டியில் இல்லை.
"வெள்ளை தாளிலேயே இருக்கிறது,
அதை மூடாமல் விடுவதுதான் வேலை."
எங்கள் தொழிலில் மூடாமல் விட்டால்
வழக்குப் போடுவார்கள்.

நான்காம் செவ்வாய்.
காய்வதற்குக் காத்திருந்தேன்,
இரண்டு கைகளையும் தொடைக்கடியில் போட்டு அமுக்கிக்கொண்டு.
வேறு வழியில்லாமல் அண்ணாந்தேன்.
விளக்குக்கு இடப்புறம், மேற்கூரைப் பலகையில் ஒரு கறை.
முதல் நாளே பார்த்துவிட்டதுதான்:
புகைபோக்கி ஓரத்து ஈயத்தகடு விட்டிருக்கிறது,
ஒரு மணி நேர வேலை.
இன்று அதன் விளிம்பைப் பார்த்தேன்.
நடுவில் ஒன்றுமில்லாத வெளுப்பு,
ஓரத்தில் மட்டும் கெட்டித் தேநீர்க் கோடு.
அதற்குள் இன்னொன்று, போன வருடத்து மழை.
அதற்குள் இன்னொன்று.
இதையா மூன்று வாரம்
தவறு என்று துடைத்துக்கொண்டிருந்தேன்?

புதுத்தாளில் சிறு குட்டையாய்த் தண்ணீர் விட்டேன்.
பழுப்பைத் தொட்டு வைத்தேன்.
கையை எடுத்துவிட்டேன்.
வண்ணம் தானே நடந்துபோய்
விளிம்பில் உட்கார்ந்துகொண்டது.
காய்ந்ததும் மறுபடி.
காய்ந்ததும் மறுபடி.

சிலியே வந்து நின்றாள்.
"தீவா?"
மேலே காட்டினேன்.
இரண்டையும் மாறிமாறி ரொம்ப நேரம் பார்த்தாள்.
பிறகு,
"அது ஒழுகுகிறதா?"
ஒழுகுகிறது.
"உங்களால் சரிசெய்ய முடியுமா?"
கால் சரியாகட்டும் என்றேன்.

கால் சரியாகிப் பத்து நாளாயிற்று.
இன்னும் ஊன்றுகோலோடுதான் வகுப்புக்குப் போகிறேன்.
வானிலை அறிக்கையில்
வியாழன் தொடங்கி மழை.
புதுக் கோடு எந்தப் பக்கம் விழும் என்று
பார்க்க வேண்டும்.